காலை ஆறு மணிப் பெண்கள் நேரம்

மார்ச் 2
சத்தியமாகச் சொல்கிறேன், இனி எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. நாளைக்குப் படித்தால் நானே நம்பமாட்டேன். எங்கள் குடியிருப்பு நீச்சல்குளத்தில் உலகப்போர் மூண்டுவிட்டது. நானோ குளத்தைப் பராமரிக்கும் குழுவில் உறுப்பினன், அதாவது பேரரசின் தூண்.

காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் நேரம். கெஞ்சி, சண்டை போட்டு அதை வாங்கியவள் என் அக்கா மகள். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நீந்தினால்தான் அவளால் நிமிர்ந்து நடக்க முடியும். ஆண்கள் இருந்தால் தண்ணீரில் இறங்கமாட்டாள். இப்போது எதிர்வீட்டுத் தையல்காரம்மா, தானும் அந்த நேரத்தில் வரலாமா என்று கேட்டிருக்கிறார். திருநங்கை. அக்கா மகளின் நீச்சலுடையைத் தைத்துக் கொடுத்ததே அவர்தான்.

மார்ச் 3
அக்கா மகள் காபியைத் தொடவே இல்லை. “அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல மாமா. குளத்துல வரட்டும். ஆனா துணி மாத்துற ரூம்ல எனக்கு முடியாது. அதச் சொன்னா நான் கெட்டவளா?”

சட்டைக்குப் பொத்தான் தைக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்கும் போனேன். “ஆம்பளைங்க நேரத்துல போய்ப் பாத்தேண்ணே. ஒருத்தன் என் துண்ட உருவிட்டுச் சிரிச்சான். நான் வேற எங்க போறது?” ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

இரண்டுமே எனக்கு நியாயமாகப் பட்டன. என்ன செய்ய?

மார்ச் 7
குழுக் கூட்டம். ஏழு ஆண்கள், ஒரு தட்டு பிஸ்கட். நீந்துகிற பெண்களையும் கூப்பிடவில்லை, தையல்காரம்மாவையும் கூப்பிடவில்லை. பெண்கள் நேரம் யாருக்கு என்று குளத்துப் பலகையில் என்ன எழுதுவது என மூன்று யுகம் வாதம். “பிறப்பால் பெண்கள்” என்றார் தலைவர். “பெண்ணாக உணர்பவர்கள்” என்றார் செயலாளர். அவர்கள் மேசையில் குத்திய குத்தில் நான்கு நாடுகளில் நிலநடுக்கம்.

“நம்ம வீட்டுப் பொண்ணுங்க பாதுகாப்பு” என்று தலைவர் கண்கலங்கினார். பெண்கள் அறைக் கதவில் தாழ்ப்பாள் போய் ஒரு வருஷம். என் அக்கா மகள் காலால் முட்டுக்கொடுத்துத்தான் உடை மாற்றுகிறாள். சொன்னேன். “இன்னைக்குப் பேச வேண்டியது அது இல்ல” — தலைவரும் செயலாளரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம்.

சீ.

மார்ச் 8
அந்த பிஸ்கட் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

மார்ச் 10
குளத்துப் பக்கத்துச் சாமான் அறையைக் காலிசெய்து தையல்காரம்மா உடை மாற்ற விட்டால்? அக்கா மகள் சரி என்றாள். தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “ஒதுக்கி வைக்கிற மாதிரிதாண்ணே இருக்கு. பரவால்ல, உள்ள தாழ்ப்பாள் இருக்கணும்.”

மார்ச் 14
“சாமான் ரூம்ல கேரம் போர்டு இருக்கே” என்றார்கள் குழுவில்.

தீர்ப்பு: யார் மனமும் புண்படக்கூடாதாம், ஆகவே பெண்கள் நேரமே ரத்து. எல்லா நேரமும் எல்லாருக்கும். தலைவரும் செயலாளரும் கட்டித்தழுவிக்கொண்டார்கள். எதிர்த்து நான் ஒருவன்தான் கை தூக்கினேன். ஃபேனைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்து யாரோ எழுந்து குறைத்தார்கள்.

மார்ச் 16
காலை ஆறு மணி. தலைவரும் செயலாளரும் சேர்ந்து குதித்தார்கள். இரண்டு திமிங்கிலங்கள். குளத்தில் பாதித் தண்ணீர் மேகத்துக்கே திரும்பிப் போய்விட்டது. “வாங்க, தண்ணி சூப்பர்” என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 23
உலகப்போர் பொய். நிலநடுக்கம் பொய். திமிங்கிலம் — முக்கால்வாசி பொய்.

இன்று காலை அக்கா மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் நீச்சலுடை ஒரு வாரமாக அதே கொடியில், சொட்டு ஈரமில்லாமல் ஆடுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் நின்று, தைத்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது மட்டும் நிஜம்.