சாகாத காதலர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பகை வீடுகளில் பிறந்த இருவர் காதலித்துச் செத்துப்போகும் பழங்கதையை, இந்தக் காலத்து இளசுகளுக்கான நாவலாக எழுதி முடித்திருந்தேன். நேற்று பதிப்பகத்து அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"கடைசியில ரெண்டு பேரும் சாகணும்மா. அப்பதான் படிக்கிறவங்க அழுவாங்க."

"இதுவரைக்கும் அழுதது போதும் மேடம். என் கதையில பிழைச்சுக்குவாங்க."

"அப்ப வேற இடம் பாத்துக்கோ."

நாவலைத் திரும்ப வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். கவலைப்படாதீர்கள், அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை கையில் இருக்கிறது. வேறு பதிப்பகமா கிடைக்காது?

இன்னொன்று. மதில் சுவர்த் தகராறில் நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மகன் அடுத்த மாதம் இங்கே வருகிறார். வந்ததும் எங்களுக்குப் பதிவுத் திருமணம். நீங்கள் சம்மதித்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் குளிர் அடங்கவில்லை. அம்மா என்னோடு போனில் பேசும்போது எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்காருங்கள். பேச வேண்டாம், இருமினால் போதும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் பிடிவாதம் அப்படியே வாய்த்த
மகள்