நீ எழுதாமல் விட்ட புடவை

இன்று மதியம் திருத்திய விடைத்தாள்களில் ஒன்று உன்னைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்துவிட்டது. "கதையில் வரும் மூடிய சன்னல், பெண்ணின் அடைபட்ட வாழ்வுக்குக் குறியீடு" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். உன் கதைதான். விடைக்குறிப்பிலும் அப்படியே இருக்கிறது. முழு மதிப்பெண் போட்டேன். போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகு வந்த இந்த அலுப்பு, தூங்கி எழுந்தாலும் போவதில்லை.

நீ கூரத்தில் பிறந்தவள், தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். உன் கணவர் குடித்ததில்லை, அடித்ததில்லை. "அப்புறம் இன்னா கொற?" என்று எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் மட்டும் சொன்னாய்: "அந்த ஊட்ல ஒரு நாளும் யாரும் என்னை 'உனக்கு இன்னா வேணும்'னு கேட்டதில்லடி. எனக்கே மறந்து போச்சு." கிளம்பி வந்தவள் அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். தையற்கடை மாடியில் ஓர் அறை எடுத்தாய்.

உன் அண்ணன் தேடி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கல்லூரித் தோழி என்பதால் என்னை அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்காமலே பேசினார். "பொம்பள தனியா ரூம் எடுத்துக்கினு இருந்தா ஊர்ல எங்க மொகத்த எங்க வெச்சிக்கிறது? கெளம்பு பாப்பா."

நீ அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். "வரலண்ணே. சாப்புடுங்க" என்றாய். குரல் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி சோறும் வைத்தாய். அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். பிறகு உன்னோடு பேசவே இல்லை.

அந்த அறையில்தான் அந்தச் சன்னல் கதையை எழுதினாய். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் அதைப் பற்றிக் கூட்டம் நடந்தது. பேராசிரியர் ஒருவர் சன்னலைப் பற்றியே நெடுநேரம் பேசினார். உன்னைப் பேசச் சொன்னபோது, "தொறந்தா சாக்கடை நாத்தம் சார், அதான் மூடி வெச்சேன்" என்றாய். அரங்கம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

பேருந்துக்கு நிற்கையில் சொன்னாய்: "அவரு சொல்றதும் தப்பில்லடி. எனக்குத் தெரியாமலே உள்ள பூந்திருக்கும். ஆனா பாரு, தனியா இருக்கிறவள எழுதினா வாசப்படி, சன்னல், பறவைன்னு எல்லாத்தையும் பாக்கறாங்க. வேலை முடிஞ்சி வந்து அவ கால் வலிக்குதுன்னு எழுதியிருக்கேனே, அத ஒருத்தரும் பாக்கல."

அதற்கடுத்த தை மாதம் உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். உனக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனால் முகூர்த்தப் புடவை எடுக்க அந்தப் பெண் வேறு கடைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து உன் கடைக்கே வந்தாள். அண்ணியும் கூட வந்த உறவுக்காரர்களும் உன்னைத் தெரியாதவர்கள்போல விலை கேட்டார்கள். நீ வெள்ளை விரிப்பில் புடவை புடவையாகப் பிரித்துப் போட்டாய். அந்தப் பெண் எதையும் தொடவில்லை.

"அத்த, நீயே எடுத்துக் குடு."

அரக்குக் கரை வைத்த மாம்பழ மஞ்சளை எடுத்து அவள் தோளில் போட்டுப் பார்த்தாய். நிமிர்ந்தபோதுதான் கவனித்தாய்: கடைக்குள் வராமல், தெருவில், வெயிலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியாக உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீ பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதை என்னிடம் சொன்னபோது அழுதாய். அண்ணனோடு போகமாட்டேன் என்றவள், அண்ணனுக்காக அழுதாய்.

"இத எழுதேன்" என்றேன்.

"வேணாம்டி. எழுதினா பொடவைய இன்னான்னு அர்த்தம் பண்ணுவாங்களோ. எங்க அண்ணன் பொண்ணு கட்டிக்கினு போன பொடவையாவே இருக்கட்டும்."

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. அண்ணன்தான் வந்து எல்லாம் செய்தார். காரியம் முடிந்து அறையைக் காலி செய்கையில், உன் கதைகள் வந்த பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எனக்கு இதெல்லாம் படிச்சாப் புரியாதும்மா. என்னைப் பத்தி பாப்பா எதுனா எழுதியிருக்குதா?"

"இல்லண்ணே" என்றேன். உண்மைதானே.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆறுதலா, ஏமாற்றமா, தெரியவில்லை. பத்திரிகைகளைத் துண்டில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். நீ அவருக்காக அழுததைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீ வேண்டாமென்றாயே என்று வாயை மூடிக்கொண்டேன். எழுதத்தான் வேண்டாமென்றாய், சொல்ல வேண்டாமென்று சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. உன் அண்ணன் இருக்கும் கூரத்துக்குப் போகிற பேருந்தைப் பார்க்கும்போதெல்லாம், ஏறிவிடலாமா என்று இருக்கிறது.