இறந்தவர்களை நேரில் வரச் சொன்ன கடிதம்

அனுப்புநர்:
சி. சவரியம்மாள் (வயது 49),
க/பெ. சின்னப்பன்,
உப்பளத் தொழிலாளி,
மரக்காணம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: நுரையீரல் புற்றுநோயாளிகளாகிய நாங்கள் வியாழக்கிழமைகளில் கூடி வந்த அறையைப் பூட்டியது மற்றும் காலமான நான்கு பேரை நேரில் வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியது தொடர்பாகப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனு எழுதித் தருபவர் "மிகத் தாழ்மையுடன்" என்று தொடங்கச் சொன்னார். எனக்கு மூச்சு குறைவு. அதை அந்தச் சொற்களுக்குச் செலவழிக்க விருப்பமில்லை. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், நானே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. இருபத்தாறு வருடம் உப்பு வாரினேன். பீடியையோ புகையிலையையோ கையால் தொட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான்காம் நிலை என்றார்கள். புதுச்சேரியில் மருந்து கொடுக்கிறார்கள், அங்குள்ள மருத்துவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆனால் பின்னால் எழுபது பேர் வரிசையில் நிற்கும்போது, பயமாக இருக்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் சொன்னால் கணவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

3. உப்பளத்தில் உச்சி வெயிலில் யாரையும் தனியாகப் பாத்தியில் விடமாட்டோம். கண் கூசும் வெளிச்சத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் தூரத்திலிருந்து தெரியாது. அதனால் உப்பை வாரிக்கொண்டே ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பக்கத்துப் பாத்தியில் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் போட்டது போட்டபடி ஓடுவோம். மருந்து ஏற்றும் இடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பாப்பாத்தியும் உப்பளத்துக்காரர்தான். அந்தப் பழக்கத்தில்தான் இருவரும் சேர்ந்து இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தோம். சென்ற ஆண்டு பதினொரு பேர் ஆனோம். உப்பளச் சாலையிலுள்ள தொழிலாளர் ஓய்வுக் கூடத்தில் வியாழன்தோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஓர் அறை கொடுத்தார்கள்.

4. அங்கே என்ன செய்தீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை விட்டால் இளைப்பு அடங்கும் என்று பாப்பாத்தி காட்டினார். மருத்துவமனையிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் தானும் மூச்சு வாங்குகிற ஒருத்தி காட்டியபோதுதான் எனக்கு வந்தது. பிரம்மதேசம் விவசாயி பலராமன் வீட்டில் இந்த நோய்க்குப் பெயர் நெஞ்சுச் சளி. அவருக்கு உண்மை தெரியாது என்று வீட்டார் நினைக்கிறார்கள், அவரும் காட்டிக்கொள்வதில்லை. எங்கள் நடுவில் மட்டும்தான் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்வார். சொன்ன கையோடு ஒரு வடை சாப்பிடுவார். நாங்கள் நிறையச் சிரித்திருக்கிறோம் ஐயா.

5. எங்கள் பக்கம் ஒரு தவறு உண்டு, அதை மறைக்கவில்லை. கூட்டம் தொடங்கும்போது வருகைப் பதிவேட்டைப் பார்த்து எல்லோர் பெயரையும் கூப்பிடுவோம். பாப்பாத்தி, இருசப்பன், இன்னும் இருவர் என நான்கு பேர் காலமான பிறகும் அவர்கள் பெயரை அடிக்க எங்களுக்குக் கை வரவில்லை. கூப்பிட்டோம், இருக்கிறவர்கள் சேர்ந்து பதில் குரல் கொடுத்தோம். கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டோம்.

6. பதிவேட்டைப் பார்த்த ஓய்வுக் கூடத்தின் பொறுப்பாளர், பத்து பேருக்குக் குறைந்த குழுவுக்கு அறை கிடையாது என்றும், "தொடர்ந்து வராத உறுப்பினர்கள் நால்வரும் 10.07.2025 அன்று நேரில் ஆஜராகி விளக்கம் தர வேண்டும்" என்றும் அவரவர் வீட்டுக்கே பதிவுத் தபால் அனுப்பினார். பாப்பாத்தியின் மகள் தமிழ்நிலா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, என்னிடம் கொண்டுவந்தாள். "பெரிம்மா, எங்கம்மாவ எங்கருந்து கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே தங்களுக்கு அனுப்புகிறேன்.

7. குறித்த நாளில் ஏழு பேரும் போனோம். நால்வரும் இறந்துவிட்டதைச் சொன்னோம். "செத்துட்டாங்கன்னு நீங்க சொன்னா ஆச்சா? சர்டிபிகேட் எங்க? எப்படியும் நீங்க ஏழு பேர்தான, ரூல் பத்து" என்றார் பொறுப்பாளர். அடுத்த வருடம் நாங்கள் எத்தனை பேர் இருப்போம் என்று அவரே கணக்குப் போட்டிருக்கலாம். கதவைப் பூட்டினார். பெருமுக்கல்லிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த விஜயலட்சுமி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூச்சு அடங்கும்வரை நாங்களும் உட்கார்ந்தோம். உள்ளே இருபது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

8. பத்து பேரைக் காட்ட எங்களால் முடியாது என்பதில்லை. ஒவ்வொரு மாதமும் இந்தக் கரையோர ஊர்களிலிருந்து யாரோ ஒருவர் அந்த வார்த்தையை முதன்முதலாகக் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் தனியாக வீடு திரும்புகிறார். அவருக்கு எங்களைத் தெரியாது. பூட்டிய கதவுக்கு அவரை எப்படி அழைப்போம்?

9. ஆகவே அறையை உடனே திறந்துவிட வேண்டும். பத்து பேர் விதியிலிருந்து எங்களுக்கு விலக்கு வேண்டும். வியாழக்கிழமை இங்கே ஆட்கள் இருப்பார்கள் என்ற ஒரு வரியை மருத்துவமனைப் பலகைகளில் ஒட்ட ஆவன செய்ய வேண்டும். அந்த நான்கு வீடுகளுக்கும் எழுத்து மூலம் மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். இதில் எதையும் நாங்கள் சலுகையாகக் கேட்கவில்லை.

10. தங்கள் பதிலை என் பெயருக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். கீழே கையொப்பமிட்ட ஏழு பேர் முகவரிக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வந்து சேரும் நாளில் யாராவது ஒருவர் பிரித்துப் படிக்க இருப்போம்.

இடம்: மரக்காணம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
சி. சவரியம்மாள்
மற்றும் பலராமன், விஜயலட்சுமி உள்ளிட்ட அறுவர்

இணைப்பு: பாப்பாத்தி பெயருக்கு வந்த கடிதத்தின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல், பதினொரு பெயர்களுடன்.