கடைசியாக வந்த நல்ல எண்

நாள் 131. காலை 08:40
நிலவின் தென்முனை, பெரும்பள்ளத்தின் விளிம்பு, நான்காம் நிலையம். எழுதுவது ஜெசிந்தா பர்னாந்து, மின்னணுப் பொறியாளர். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். தவசி துளையிடும் இயந்திரத்தை ஓட்டுகிறான். சபுரா பள்ளத்தில் கிடைக்கும் பனிக்கட்டியை ஆராய்கிறாள். சூரியத் தகடுகள் 91 விழுக்காடு. தண்ணீர் போதுமானது.

பள்ளத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்கும்போது கரியமில வாயுவை அளக்கும் கருவிகள் மூன்றும் தூசி புகுந்து கெட்டுவிட்டன. அடுத்த சரக்குக் கலம் வர ஐந்து மாதம் ஆகும். உதிரிப் பெட்டியில் எட்டு மைக்ரோகண்ட்ரோலர்கள், ஆறு ரேடியோ சில்லுகள், நான்கு வாயு சென்சார்கள் இருக்கின்றன. நானே ஒரு மின்சுற்றுப் போர்டு செய்யப் போகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்றை அளந்து, கம்பியில்லாமல், கூடாரம் போடும் இடத்துக்கு மேலே விளிம்பிலுள்ள ரிப்பீட்டருக்கு அனுப்ப வேண்டும்; அது நிலையத்துக்குத் தள்ளிவிடும். அளவு ஏறினால் அலற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாள் 134. பகல் 11:15
முதல் போர்டு புகைந்தது. ரேடியோ சில்லின் கால்களை இடவலம் மாற்றி வரைந்திருக்கிறேன். கல்லூரியில் முதல் ஆண்டுப் பிள்ளைகள் செய்யும் தவறு. ஒரு சில்லு வீண். மற்ற இருவரிடமும் சென்சாரில் கோளாறு என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர்கள் கேட்கவே இல்லை.

நாள் 138. மாலை 17:30
இரண்டாவது போர்டு உயிர் பெற்றது. காலையில் இரண்டு மீட்டருக்கு மேல் சிக்னல் போகவில்லை. ஆன்டெனாவுக்குக் கீழே செம்புத் தகட்டை விட்டு வைத்திருந்தேன். சுரண்டி எடுத்ததும் தொள்ளாயிரம் மீட்டர் தாண்டியது. பச்சை விளக்கு சிமிட்டுகிறது. உள்ளங்கை அளவுதான். அழகாக இருக்கிறது.

நாள் 142. பகல் 12:05
எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை முடிந்தது. போர்டு பத்தொன்பது முறை சிக்கிக்கொண்டது. மைக்ரோகண்ட்ரோலர் கேட்கிறது, சென்சார் பதில் தருவதில்லை, உடனே போர்டு தன்னைத்தானே அணைத்து மறுபடி தொடங்குகிறது. ரெசிஸ்டர் மதிப்பு தவறா, சில்லுகளில் குறையா, தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் கண்டுபிடித்துவிடுவேன். நாளை மறுநாள் பூமிக்கு டெமோ காட்ட வேண்டும்.

நாள் 143. மாலை 18:20
நிரலில் ஒரு வரி சேர்த்தேன். வரி 214. சென்சார் பதில் தராவிட்டால், கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரும்ப அனுப்பு. பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: 'தற்காலிகம். டெமோ முடிந்ததும் நீக்கு.'
இப்போது போர்டு ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

நாள் 144. காலை 10:50
டெமோ முடிந்தது. கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர் மணவாளன். பதிவிலிருந்து:
"நேத்து சாயங்காலத்திலேருந்து ஒரு தடவகூட விட்டுப்போகலையா மேடம்? எப்படிச் செஞ்சீங்க?"
"சாலிடரிங் சுத்தமா இருந்தா போதும் சார்."
"நிலவோட மறுபக்கத்துல ஏழாம் நிலையத்துலயும் இதே கதைதான். வரைபடம், நிரல் ரெண்டையும் அனுப்பிடுங்களேன். அங்கேயே போர்டு செஞ்சுக்குவாங்க."
அனுப்பினேன். குறிப்பை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன். வரியை அழிக்கவில்லை.

நாள் 145. மாலை 16:00
வரி 214-ஐ நீக்கிப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் சிக்கியது. திரும்பப் போட்டேன். நாளை அவர்கள் பள்ளத்தில் இறங்குகிறார்கள். போர்டு இன்னும் தயாராகவில்லை என்று இப்போது சொன்னால், நேற்று காட்டியது என்ன என்று கேட்பார்கள். அவர்கள் அங்கே இருக்கும்போதே சரியான நிரலை எழுதி, ரேடியோ வழியாக ஏற்றிவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நாள் 146. பகல் 14:10
தவசியும் சபுராவும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கடந்து கூடாரம் அமைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் வேலை. போர்டிலிருந்து முதல் எண் வந்தது: 1,310. நல்ல காற்று. சபுரா ரேடியோவில் பேசினாள்:
"ஜெசியக்கா, ஒங்க பொட்டிய என் தலமாட்டுலயே மாட்டிட்டேன். பச்ச லைட்ட பாத்துக்கிட்டே தூங்கிருவேன்."
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நாள் 149. பகல் 14:20
கூடாரத்து எண் 1,840. காலையிலும் 1,840 தான். பதிவைப் பின்னோக்கிப் பார்த்தேன். நேற்று மாலை 17:20 முதல் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் 1,840. மூச்சு விடும் இரண்டு மனிதர்கள் இருக்கும் இடத்தில் எண் அசையாமல் இருக்காது. சென்சார் இருபத்தொரு மணி நேரமாகப் பேசவில்லை. என் வரிதான் பேசிக்கொண்டிருக்கிறது.
இதைக் கண்டெடுப்பவர்களுக்கு உண்மையை எழுதிவைக்கிறேன். என் மனதில் முதலில் வந்தது அவர்கள் இருவரும் அல்ல. யாருக்கெல்லாம் இது தெரியவரும் என்பதுதான்.

14:35
கூப்பிட்டேன். பதிவு:
"தவசி, போர்டுக்குச் சின்னதா ஒரு அப்டேட் அனுப்புதேன். வழக்கமானதுதான்."
"அனுப்புக்கா. இங்கன ரெண்டு பேத்துக்கும் லேசா மண்டையிடி. சபுரா படுத்துட்டா. வேல சாஸ்தின்னு நெனக்கிறேன்."
தலைவலி என்று அவன் சொன்னதைக் கேட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். 'உடனே விண்வெளி உடுப்பை மாட்டுங்கள்' என்று சொல்ல மூன்று விநாடி போதும். ஏன் என்று கேட்பானே. அப்டேட்டை அனுப்பினேன். புதிய நிரல் ஏறிச் சரியான எண் வந்துவிட்டால், போர்டே எச்சரித்ததாக ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

15:04
63 விழுக்காட்டில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். போர்டு செத்துவிட்டது. இப்போது பொய்யான எண்கூட இல்லை.

15:12
பதிவு:
"தவசி! போர்டுல அளவு சடார்னு ஏறிட்டு. காத்து கெட்டுப்போச்சு. ரெண்டு பேரும் உடுப்ப மாட்டுங்க. இப்பவே!"
"என்ன... என்னக்கா? மெதுவாச் சொல்லு."
"உடுப்ப மாட்டு தவசி! முதல்ல நீ மாட்டு, பொறவு அவள எழுப்பு!"
மூச்சிரைப்பு. ஏதோ உருண்டு விழும் சத்தம். ஆறு நிமிடம் கழித்து:
"யக்கா, சபுரா எந்திரிக்க மாட்டேங்குறா. யக்கா, இவ எந்திரிக்கவே மாட்டேங்குறா."
14:35-லிருந்து 15:12 வரை முப்பத்தேழு நிமிடம். அளவு சடார்னு ஏறிட்டு என்று சொன்னேனே, அதுவும் பொய்.

நாள் 149. மாலை 19:50
இரண்டாவது வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். தவசி அவளுக்கு உடுப்பை மாட்டி, தன் வண்டியில் கிடத்தி, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே பாதி வழி வந்திருந்தான். அவள் கூடாரத்திலேயே இறந்திருக்கிறாள். அவன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. குழாயைப் பிடுங்க விடவில்லை.
கூடாரத்தின் காற்று வடிகட்டியில் விசிறி தூசி அடைத்து நின்றுபோயிருந்தது. காற்று ஓடாத இடத்தில் தூங்குகிறவள் விட்ட மூச்சு அவள் முகத்தைச் சுற்றியே தேங்கும். தலைமாட்டில்தான் என் போர்டு இருந்தது.

நாள் 151. பகல் 11:00
தவசி சிகிச்சை அறையில் இருக்கிறான். உள்ளே ஆக்சிஜன் அதிகம் என்பதால் கதவைத் திறக்கக் கூடாது, இன்டர்காமில்தான் பேச முடியும். அவன் சொன்னது:
"வெசிறிய நாந்தேன் தொடச்சிருக்கணும். முந்தாநாள் காலைல எம் மொற. அசதில விட்டுட்டேன். நாந்தேன் அவளக் கொன்னேன்."
பிறகு:
"ஒன் போர்டு மட்டும் சொல்லலேன்னா நானும் போயிருப்பேன்க்கா."
'தூங்கு' என்று மட்டும் சொன்னேன். சமையல் மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். இங்கே தண்ணீரை அப்படி ஓடவிடக் கூடாது. ஓடவிட்டேன்.

நாள் 153. காலை 09:30
விபத்து அறிக்கையின் வரைவு வந்தது. காரணம்: வடிகட்டி விசிறியைப் பராமரிக்கத் தவறியது. பொறுப்பு: தவசி. ஒரு பத்தி என்னைப் பற்றி. மணவாளனின் குரல்:
"கடைசி வரைக்கும் உங்க போர்டு வேலை செஞ்சு, ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கு மேடம். அதையும் அறிக்கையில சேத்திருக்கோம்."
அறிக்கையுடன் சபுராவின் கணவர் பேசிய செய்தி ஒன்றும் வந்திருந்தது. கீழக்கரையிலிருந்து, ஒன்றரை நிமிடம். என்னால் முடிந்ததைச் செய்தேனாம். அதற்காகத் தொழுகையில் எனக்கு துஆ செய்கிறாராம். பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இதுவரை கேட்கவில்லை.

நாள் 154. காலை 10:15
அறிக்கையில் ஒப்புதல் முத்திரை வைக்க இன்று கடைசி நாள். தவசி தன் பெயரை முதலில் போட்டுவிட்டான். படித்துப் பார்க்காமலே.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருக்க, இன்டர்காமில் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. வரி 214, டெமோ, இருபத்தொரு மணி நேரம், முப்பத்தேழு நிமிடம். எல்லாவற்றையும். என் குரல் பாடம் ஒப்பிப்பதுபோல எனக்கே கேட்டது.
அவன் கேட்டான்:
"மண்டையிடின்னு நான் சொன்னப்பயே ஒனக்குத் தெரியுமா?"
"தெரியும்."
"அப்ப எதுக்குக்கா சொல்லல?"
"வெக்கமா இருந்துச்சு தவசி."
"வெக்கமா."
அப்படி ஒரு சொல்லை முதல் தடவையாகக் கேட்பவன்போலச் சொன்னான். பிறகு இன்டர்காமை அணைத்துவிட்டான்.

பகல் 12:40
எல்லாவற்றையும் எழுதிக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பினேன். நிரலின் பழைய வடிவமும், நான் அழித்த குறிப்பும், ரேடியோப் பதிவுகளும். தவசியின் பெயரை நீக்கி என் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அனுப்பியதும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எழுதியதை மறுபடி படித்தபோது, நான் ஏழாம் நிலையத்துக்கும் இதே நிரலைத்தான் அனுப்பினேன் என்பது அதில் எங்கும் இல்லை. மறைக்கவில்லை. நினைவுக்கே வரவில்லை. ஐந்து நாளாக என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

12:52
பதிவு:
"சார், ஏழாம் நிலையத்துல அந்தப் போர்டு ஓடுதா?"
"ஓடுது மேடம். உங்க கடிதத்த இப்பதான்... சரி, அத அப்புறம் பேசலாம். அவங்க ஒரு வாரம் முன்னாடியே மாட்டிட்டாங்க."
"அவங்ககிட்ட பேசுங்க. உடனே வடிகட்டியப் பாக்கச் சொல்லுங்க."
"வாய்ஸ் லிங்க் அஞ்சு நாளா இல்ல மேடம். அது அடிக்கடி போறதுதான். போர்டு தகவல் மட்டும் துணைக்கோள் வழியா ஒழுங்கா வந்துட்டு இருக்கு, நார்மல்னு. அதனாலதான் நாங்க கவலைப்படல."
"எண் மாறுதா?"
"என்ன கேக்கறீங்க?"
"அஞ்சு நாளா அந்த எண் மாறியிருக்கா சார்? பாருங்க. தயவுசெஞ்சு பாருங்க."

13:09
"மேடம்."
பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடும் சத்தம் கேட்டது.

13:30
மீட்புக் கலம் கிளம்ப இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். துணைக்கோள் ஏழாம் நிலையத்தின் தலைக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பதினோரு நிமிடம் மட்டும் கடக்கிறது. அவர்களால் அனுப்ப முடியாவிட்டாலும் கேட்க முடியலாம். அங்கே இருப்பவர்கள் யார் என்றே நான் இதுவரை கேட்டதில்லை. பெயர்களை வாங்கினேன். இமானுவேல். தாட்சாயணி. ஹரிகரசுதன். நூர்ஜஹான்.

15:41
முதல் முறை கூப்பிட்டேன். எண்ணை நம்பாதீர்கள், அது காற்றின் எண் அல்ல, நான் எழுதிய வரி, உடுப்பை மாட்டுங்கள், விசிறியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொன்னேன். பதினோரு நிமிடமும். வெறும் இரைச்சல்.

17:44
இரண்டாம் முறை. இரைச்சல். தொண்டை கட்டிவிட்டது. நிறுத்த வேண்டியிருந்தபோது பக்கத்து மைக்கிலிருந்து குரல் வந்தது. தவசி எப்போது அறையைத் திறந்துகொண்டு வந்தான் என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "இமானுவேலு, கேக்குதாய்யா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

19:47
மூன்றாம் முறை. இல்லை.

21:50
நான்காம்

23:53
துணைக்கோள் இதோ ஏறுகிறது. தவசி தொடங்கிவிட்டான். ஏதாவது பதில் வந்தால் இதற்குக் கீழே எழுதுகிறேன்.