முதலில் பின்மதில்

சின்னம்மா,

என் வெள்ளைக் களிசானின் முழங்காலில் பச்சைப் பாசி அப்பிக் கிடந்தது. மகள் அதைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, எழுபதை நெருங்குகிற வயதில் மதிலேறுகிற மனிசனை என்ன செய்வது என்று தன் கணவனிடம் தொலைபேசியில் முறையிட்டுக்கொண்டிருக்கிறாள். வாளியிலிருந்து ஈரப் பாசியின் மணம் வருகிறது. அந்த மணம் வந்தால் நீங்கள் வந்த மாதிரித்தான்.

மகள் கனடாவுக்குப் போகிறாள். போவதற்குள் என்னை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட வேண்டுமென்று, நேற்றுக் குண்டசாலைப் பக்கம் புதிதாகக் கட்டிய முதியோர் குடியிருப்பொன்றைப் பார்க்கக் கூட்டிப்போனாள். மின்தூக்கி, யோகா வகுப்பு, மீன்தொட்டி எல்லாம் உண்டு. முகாமையாளர்ப் பெண் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வரும்போது நான் மெல்லக் கழன்று பின்பக்கம் போய்விட்டேன். இது யாரிடமிருந்து தொற்றிய பழக்கம் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

உங்களுக்கு இல்லம் தேடி நாம் அலைந்த அந்த மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். வங்கியில் எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்திருந்தது. சீனி வருத்தத்தில் இரண்டு தரம் மயங்கி விழுந்த உங்களைத் தனியே விட்டுப்போக முடியாது. கொழும்பில் எனக்குக் கிடைத்ததோ ஒரு லொட்ஜ் அறை. யுத்த காலம். நினைத்த நேரம் பொலிஸ் வந்து கதவைத் தட்டி, தமிழர்களை வரிசையில் நிறுத்தும். “அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிச் சாக எனக்கு ஏலாது தம்பி, நான் கண்டியிலையே இருக்கிறன்” என்றீர்கள். நான் ஏதோ சொல்லத் தொடங்க, “மூண்டு நிமிசம் முடிஞ்சுது” என்று வெட்டினீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் மூன்று நிமிட ட்ரங்க் கோல் இணைத்து வெட்டியவரல்லவா, யார் கதைத்தாலும் உங்கள் காதுக்குள் ஒரு மணிக்கூடு ஓடும். எனக்குக் கல்யாணம் பேச வந்த தரகரையும் அப்படித்தான் வெட்டினீர்கள். அதில் என் கல்யாணம் ஐந்து வருடம் தள்ளிப்போனது.

அம்பிட்டியவில் பார்த்த முதல் இல்லத்தில் தரை பளபளத்தது. மதியம் மீன்குழம்பு. நான் மனதுக்குள் கையெழுத்தே போட்டுவிட்டேன். நீங்கள் கட்டிலைத் தொட்டும் பார்க்காமல், குசினிக்குள்ளால் புகுந்து பின்பக்கம் போய் இரண்டு நிமிடத்தில் திரும்பிவந்தீர்கள். “பின்னுக்குப் பள்ளம். வா போவம்.”

இரண்டாவது இல்லத்தின் மதில் என்னைவிட உயரம். மேலே போத்தல் ஓடுகள் பதித்திருந்தார்கள். மேட்ரன் பெருமையாகச் சொன்னார்: “கள்ளன் ஒருத்தன் ஏற முடியாதுங்க.”

“உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் எப்பிடி ஏறுறது?” என்று கேட்டீர்கள்.

மேட்ரன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஐயா, அம்மாவுக்கு ஓடிப்போற பழக்கம் ஏதும் இருக்குங்களா? இருந்தா முன்னாடியே சொல்லிருங்க.” இல்லை என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

பஸ்ஸில் தமிழில் சண்டை பிடிக்கக் கூடாது என்பது அந்த நாட்களில் நீங்கள் போட்ட சட்டம். ஆகவே மஹய்யாவவில் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்கினேன். “கட்டிலைப் பாருங்கோ, கக்கூசைப் பாருங்கோ. மதிலிலையோ படுக்கப்போறியள்?”

“அண்டைக்கு நாங்கள் கட்டிலாலையோ தப்பினனாங்கள்?” என்றீர்கள்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தன்று நம் பழைய வீட்டின் முன்கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்மதிலடியில் நான் உங்களைக் கீழிருந்து தள்ளுகிறேன். நீங்கள் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக மேலே இருந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வா என்கிறீர்கள். பின்வீட்டுச் சிங்கள அம்மா ஓடிவந்து உங்கள் காலைப் பிடித்து இறக்கினார். அவருடைய குசினியில் ஐந்து நாள் இருந்தோம். வீடு எரிந்துபோனது. அதற்குப் பிறகு நீங்கள் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து, இல்லம் இல்லமாய் மெத்தையை அமுக்கிப் பார்த்துத் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மூன்றாவது இல்லமும், நேற்றுப் பார்த்ததைப் போல, குண்டசாலையில்தான். நான் கொழும்புக்குப் போக நான்கு நாள் இருந்தது. கூரை ஒழுகி, கூடத்தில் மூன்று வாளி வைத்திருந்தார்கள். சொதி என்று ஊற்றியதில் தேங்காய்ப்பால் வந்துபோன அறிகுறியே இல்லை. ஆனால் பின்மதில் உங்கள் நெஞ்சளவு. கையால் அளந்து பார்த்துவிட்டு, ஒரு பூச்சாடியில் ஏறி நின்றுகொண்டு, “என்னைத் தள்ளு” என்றீர்கள்.

“இப்பவோ?”

“பிறகு தள்ள நீ இங்கை நிக்கமாட்டாய்.”

தள்ளினேன். மேலே போனதும் அன்றைக்குப் போலவே மாட்டிக்கொண்டீர்கள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மதிலுக்கு அந்தப் பக்கத்து முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். உங்கள் வயதிருக்கும். தன் மதிலில் ஒரு தமிழ் மனுசி குந்தியிருப்பதைப் பார்த்து, அந்த நாட்களில் பொலிஸைக் கூப்பிட்டிருந்தாலும் குறை சொல்ல முடியாது. அவர் மிளகாயை விட்டுவிட்டு உள்ளே போனார். “இறங்குங்கோ சின்னம்மா” என்று நான் கெஞ்ச, “பொறு” என்றீர்கள்.

அவர் ஒரு குசினிக் கதிரையோடு வந்தார். உங்கள் காலுக்கு நேரே வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பரெஸ்ஸமென் பஹின்ன அக்கே” என்றார். பார்த்து இறங்குங்கோ அக்கா. நீங்கள் இறங்கி மறைந்துபோனீர்கள்.

அரை மணித்தியாலம் இல்லத்துக்காரரிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் ரோட்டைச் சுற்றி முன்வாசலால் வந்தீர்கள், கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு. “எங்கை கையெழுத்து வைக்கிறது?”

“கூரை ஒழுகுது, சின்னம்மா.”

“கூரை ஒழுகினா வாளி வைக்கலாம்” என்றீர்கள்.

அங்கே ஒன்பது வருடம் இருந்தீர்கள். தப்பி ஓட ஒருநாளும் தேவைப்படவில்லை. ஆனால் நாலு மணித் தேநீருக்கு நாள் தவறாமல் மதிலேறினீர்கள். இல்லத்தார் திட்டிக் களைத்து, கடைசியில் உங்கள் பக்கம் இரண்டு படி கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பக்கம் அதே கதிரை, வெயிலிலும் மழையிலும். உங்கள் செத்தவீட்டன்றும் அந்த அம்மா முன்வாசலால் வரவில்லை. கதிரையில் ஏறி, மதிலைக் கடந்து, அந்தப் படிகளில் இறங்கித்தான் வந்தார். போகும்போது என் கையைப் பிடித்து, கதிரையை நீயே எடுத்துக்கொண்டு போ மகன், எனக்கு இனி எதற்கு என்று அழுதார். நானும் அழுதேன்.

நேற்று நான் ஏறிப் பார்த்த பழைய மதிலுக்கு அப்பால் வெறும் காணி, இடுப்பளவு புல். மகள் ஓடிவந்து கத்தினாள். “அப்பா, சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்?”

“ஓம் பிள்ளை, முடிஞ்சுது” என்றேன், மதிலில் இருந்தபடியே. இடம் பிடித்திருக்கிறதா என்று முகாமையாளர்ப் பெண் கேட்டாள். “பின்னுக்கு ஆரும் குடிவந்தாப் பிறகு சொல்லுங்கோ” என்றேன்.

மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருக்கும். இதை மட்டும் கேட்டுவிட்டு வெட்டுங்கள். அந்தக் கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு கால் மாற்றியிருக்கிறேன், மற்றபடி உறுதி. எங்கே போனாலும் இதைக் கொண்டுபோவேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேற்று அந்த மதிலின் மேலே இருக்கும்போதுதான் உறைத்தது, இது மதிலுக்கு இந்தப் பக்கம் என்னிடம் இருந்து என்ன பயன்? எனக்கென்று ஓரிடம் அமைந்தால், முதல் வேலையாகப் பின்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, இதை அவர்களிடம் கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.