நத்தைக்கு வாங்கிய பாட்டில்

செப்டம்பர் 3, புதன்

மறுபடியும் அதே கதை. முட்டைக்கோஸ் நாற்றெல்லாம் ஓட்டை. கடைசி வரிசையில் இலையே இல்லை, தண்டு மட்டும் நிற்கிறது. மண்மேல் கோடு கோடாகப் பசை காய்ந்து பளபளக்கிறது. ஓடில்லாத நத்தை. ஓடாவது இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், இது வெறும் சளி. சாம்பல் தூவினேன், மழை கரைத்துவிட்டது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன், அதன்மேலேயே ஏறிப் போயிருக்கிறது, திமிர் பிடித்தது.

குடியை விட்டு இரண்டு வருடமாகிறது. சாயங்காலம் கை சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் வீட்டுக்குப் பின்னால் இந்தப் பாத்தியைக் கொத்த ஆரம்பித்தேன். பகல் முழுக்க ஊரார் லிஃப்டை ரிப்பேர் பார்க்கிறேன், அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றுவதில்லை. இருட்டுகிற நேரம்தான் ஆபத்து. பாத்தியையும் நத்தை தின்றுவிட்டால் அந்த நேரத்தை நான் என்ன செய்வது?

செப்டம்பர் 4, வியாழன்

விடிந்ததும் குச்சியால் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டேன். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து, "பாவம், லிஃப்ட்ல ஏத்தி வேற மாடியில எறக்கி விட்டுடுங்களேன்" என்றாள்.

அவள் என்னைக் கிண்டல் பண்ணியே எவ்வளவு காலமாகிறது! நாள் முழுக்க நன்றாக இருந்தது.

செப்டம்பர் 6, சனி

பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் மதில்மேல் தலையை நீட்டினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த வருடம்தான் வாடகைக்கு வந்தார். பாத்தியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"தம்பி, இதுக்கு ஒரே வைத்தியம் பீர்தான். கிண்ணத்துல ஊத்தி, வாய் மட்டும் தெரியற மாதிரி மண்ணுல பொதைச்சு வைங்க. வாசனைக்கு வந்து விழுந்து, குடிச்சே சாவும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவருக்கு என் கதை தெரியாது. இந்தத் தெருவில் என்னை ஒழுங்கான மனுஷன் என்று நினைக்கிற ஒரே ஆள் அவர்தான். "சரிண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 8, திங்கள்

வாங்கிவிட்டேன். ஒரே ஒரு பாட்டில். நத்தைக்கு.

அண்ணனையே வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே! கடைக்காரன் என்னைப் பார்த்ததும், "என்ன சார், ஆளையே காணோம்?" என்றான். செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

பாதியைக் கிண்ணங்களில் ஊற்றிப் புதைத்தேன். மீதி, சாமான் அறையில் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. கொட்டியிருக்கலாம். நாளைக்கு வேண்டுமே என்று வைத்தேன். யாருக்கு வேண்டும்?

செப்டம்பர் 9, செவ்வாய்

வைத்தியம் பலிக்கிறது. கிண்ணம் நிறைய நத்தை ஊறிக் கிடந்தது.

சாமான் அறைக்கு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போனேன். அப்புறம் டேப் எடுக்கப் போனேன். அப்புறம் எதற்குப் போனேன்? மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூடினேன். வெளியே வந்து முகம் கழுவினேன்.

செப்டம்பர் 10, புதன்

போச்சு. எல்லாம் போச்சு.

சாமான் அறைக்குப் பல்பு தேடப் போன மனைவி பாட்டிலோடு வந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னங்க?"

"நத்தைக்கு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு! "பார்ட்டின்னு சொல்லிக் கேட்டிருக்கேன். பல்லு வலின்னு கேட்டிருக்கேன். நத்தைக்குன்னு இப்பதான் கேக்கறேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாத்திக்கு ஓடினேன். மத்தியானம் கொட்டிய மழையில் கிண்ணங்கள் நிரம்பி வழிந்து, உள்ளே வெறும் சேறு. காட்டுவதற்கு ஒரு நத்தைகூட இல்லை. என் நேரம்!

"பொண்ணுக்குத் தெரிய வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் குடிக்கல. சத்தியமா குடிக்கல. யார்கிட்டப் போய்ச் சொல்றது? நானே எத்தனை தடவை இதே சத்தியத்தைப் பண்ணியிருக்கேன், வாய் நாற நாற.

செப்டம்பர் 11, வியாழன்

வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான்.

செப்டம்பர் 13, சனி

எனக்கு இருக்கிற ஒரே சாட்சி டிரைவர் அண்ணன். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மதில் ஓரமாகக் களை பிடுங்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டார்: "என்ன தம்பி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"அண்ணே, நான் குடிகாரன். விட்டுட்டேன். ஆனா குடிகாரன்தான்."

மனைவி பாட்டிலைக் கண்டுபிடித்ததையும் சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "அடக் கடவுளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே வந்து ஊத்தியிருப்பேனே."

செருப்புகூடப் போடாமல் வந்தார். மனைவிக்கு முன்னால் நின்று, "யோசனை என்னோடதும்மா. தம்பியக் கோவிச்சுக்காத" என்றார். அவர் போனதும் அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். "சந்தேகப்பட்டுட்டேங்க. மன்னிச்சிடுங்க."

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. மன்னிப்புக் கேட்கிறாளே, என்னிடம் போய்!

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கல, அது நெஜம். ஆனா தொறந்து மோந்து பாத்தேன். மிச்சத்த நத்தைக்குன்னு வெக்கல. எனக்குன்னுதான் வெச்சேன்."

கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் பேசினாள். "உங்கள நான் பாட்டிலப் பாத்துத் தெரிஞ்சுக்கறது இதோட போதும். ஆசை வந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. திட்டினாலும் திட்டுவேன். ஆனா சொல்லுங்க."

சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு என்ன கஷ்டம்? எத்தனையோ சரி சொன்னவன்தானே.

செப்டம்பர் 20, சனி

கோஸ் மொத்தமும் போய்விட்டது. மொட்டைப் பாத்தியில் வெங்காயம் ஊன்றினேன். நத்தை அதைச் சீண்டாதாம், பார்ப்போம். டிரைவர் அண்ணன் இப்போதெல்லாம் மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மோசமான நாள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டியவர்களை வெளியே எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வெளியே வந்த ஆள் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிரே கடை. எப்போது ரோட்டைக் கடந்தேன் என்றே தெரியவில்லை, கடை வாசலில் நிற்கிறேன். போனை எடுத்தேன்.

"ஆசையா இருக்கு" என்றேன்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எங்க நிக்கறீங்க?"

சொன்னேன்.

"அங்கயே நில்லுங்க. வந்துட்டேன்."

ஓட்டமும் நடையுமாக வந்தாள். முழங்கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் அவளே பார்த்தாள். ஒரு காலில் அவளுடையது, இன்னொரு காலில் மகளுடையது.