நாற்பத்தேழாம் பக்கம்

ஆர்.கே.புரம், புது தில்லி
13 டிசம்பர் 2009

அன்புள்ள அருளுக்கு,

அம்மா எழுதுவது. மலை மந்திர் முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அங்கே டல்லாஸில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அதில் பாதிதான் நிஜம். பயப்படாமல் முழுக்கப் படி. முதலில் ஒன்று, இந்தக் கடிதத்தை ஆல்பர்ட்டிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. போன தடவை உன் மாமா வீட்டுச் சண்டையை நான் எழுதியதை அவன் சத்தமாக வாசிக்க, நீ சமைத்துக்கொண்டே கேட்டாயாம். அறைத்தோழன் நல்ல பையன்தான், ஆனால் இது அவன் கேட்க வேண்டியது இல்லை. தில்லியிலேயே வளர்ந்த உனக்குத் தமிழ் எழுத்து தகராறு என்பதால் பெரிது பெரிதாக எழுதுகிறேன், எழுத்துக் கூட்டியாவது நீயே படி. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

விஷயம் இதுதான். போன வருஷம் செப்டம்பரில் இங்கே தமிழ்ச் சங்கத்து ஹாலில் பெண்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடந்தது. மேல் வீட்டு ஸ்வப்னா, சலோ ஆன்ட்டி, ஜல்தி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கர்ப்பப்பை வாயில் லேசாகத் துடைத்து எடுத்து பாப் ஸ்மியர் என்று ஒரு பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட் தபாலில் வந்தது. நம் வீட்டில் ஒரு காகிதம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். உன் மூன்றாம் வகுப்பு மார்க் ஷீட்டிலேயே மூலையில் தேதி போட்டு இனிஷியல் வைத்த மனுஷர். மினிஸ்ட்ரியில் செக்ஷன் ஆபீசர் என்றால் வீட்டிலும் செக்ஷன் ஆபீசர்தான். புற்றுநோய் அணுக்கள் இல்லை என்ற முதல் வரியைப் படித்திருக்கிறார், ‘பார்த்தாயிற்று, ஃபைலில் சேர்க்கவும்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறார், நாற்பத்தேழு என்று பக்க எண் போட்டு, என் பெயரில் உள்ள மருத்துவ ஃபைலில் கோத்துக் கட்டிவிட்டார். நான் கேட்டதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்றார். நானும் வாங்கிப் பார்க்கவில்லை, அது என் மடத்தனம்.

போன மாதம் டிஸ்பென்சரி கார்டைப் புதுப்பிக்க ஏதோ நகல் வேண்டும் என்று அந்த ஃபைலைப் பிரித்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில், லேசான மாற்றம் தெரிகிறது, ஆறு மாதத்தில் மறுபடி பரிசோதிக்கவும் என்று அச்சடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது புரிந்தது. ஆறு மாதம் பதினாலு மாதமாகிவிட்டது அருள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த ஃபைலை பால்கனியிலிருந்து எறிந்திருப்பேன், கீழே காய் விற்கிற சப்ஜிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு ஸ்வப்னாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். விளையாட்டுப் போட்டி வருகிறது என்று ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் பிடிப்பதே பெரும்பாடு. கருவி வைத்துப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்கு முந்தின படி என்றார்கள். ஹெச்.பி.வி. என்று ஒரு வைரஸாம். ஆண், பெண் சேர்க்கையில் வருவது, அனேகம் பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடுமாம். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிக் கெடுக்குமாம். வைரஸை விரட்ட மருந்து கிடையாது, அது கெடுத்த இடத்தை எடுத்துவிடலாம். வரும் வியாழக்கிழமை எனக்கு மின்சாரக் கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுக்கிறார்கள். மரத்துப் போக ஊசி போடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நீ டிக்கெட் கிக்கெட் என்று பதறக் கூடாது என்பதற்காகவே தபாலில் எழுதுகிறேன்.

எனக்கு வியாதி கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அது எப்படி வருகிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு உன் அப்பாவும் கூட வந்திருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, “உனக்கு இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளிடம், காணாமல் போன தபாலை விசாரிக்கிற குரலில். எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்று அந்த அம்மாள் ஹிந்தியில் இரண்டு தடவை சொன்னார். இவர் காதில் விழவில்லை. இவர் மாற்றலாகி ஷில்லாங்கில் மூன்று வருஷம் தனியாக இருந்தாரே, நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? மகனுக்கு எழுதுகிற விஷயமில்லைதான். வேறு யாருக்கு எழுதுவேன்? அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் டீ ஆறிவிட்டது, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்பதோடு சரி. ஆஸ்பத்திரிப் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. மூன்று நாளாக அது டிவி மேல் கிடந்தது, கையெழுத்து விழவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். மேதா வீட்டில் வைகாசியில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். நீயாகப் பார்த்துப் பிடித்த பெண், எனக்கும் அவளைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இது பெண்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதே. ஆண்களுக்கும் வரும், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்கு மரு வரும், அபூர்வமாகத் தொண்டையிலும் மர்ம உறுப்பிலும் புற்றுநோய் கூட வருமாம். ஆண்களுக்கு இதற்கென்று பரிசோதனை இல்லையாம். ஆணுறை ஓரளவு காக்கும், முழுக்க இல்லை. தடுப்பூசி வந்திருக்கிறது, மூன்று தவணை. உன் ஊரில் இந்த வருஷம் ஆண்களுக்கும் இருபத்தாறு வயது வரை அனுமதித்திருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. உனக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவதில் நீ அப்பாவுக்கு மேலே. உடனே போய்க் கேள். மேதாவிடமும் சொல். ஊசி போட்டுக்கொண்டாலும் அவள் பின்னாளில் இந்தப் பரிசோதனையை விடக் கூடாது. சிகரெட் பிடித்தால் இது சீக்கிரம் போகாதாம். நீ பிடிப்பதில்லை என்று போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது சொன்னாய், உன் சட்டைப் பை வேறு மாதிரி சொன்னது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது குக்கரை அணைக்க எழுந்து போனேன். டிவி மேல் இருந்த படிவத்தில் கையெழுத்து விழுந்திருக்கிறது. பக்கத்தில் அந்த ஃபைலும் பிரித்தபடி இருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் பழைய குறிப்பை அடித்துவிட்டு, அதன் கீழே, வீட்டுக் கணக்கைக் கூட இங்கிலீஷில் எழுதுகிறவர், தமிழில் எழுதியிருக்கிறார்: ‘கீழ்ப்பகுதியை நான் படிக்கவில்லை. தாமதத்துக்கு நானே பொறுப்பு. கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டதும் நானே.’ இனிஷியல், இன்றைய தேதி. ஆள் குளிக்கப் போய்விட்டார். மன்னிப்பைக் கூட ஃபைலில்தான் கேட்கிறார் பார். எனக்குக் கோபம் தீரவில்லை, வியாழக்கிழமை வரை தீரவும் தீராது. ஆனால் அந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மேதாவுக்கு நாளைக்கு ஏதாவது ஒரு ரிப்போர்ட் வந்தால், கடைசி வரி வரை படி. யாரால் என்று மட்டும் அவளைக் கேட்காதே, அருள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கையோடும் இருக்க முருகன் துணை இருப்பான். ஊசிக்கு நாள் குறித்ததும் போன் செய், ஸ்பீக்கர் பற்றிக் கவலைப்படாதே, அப்பாவும் கேட்கட்டும்.

உன் அம்மா,
இரா. உஷாராணி